கசாக் கடிகாரம்: கடைசிச் சொல்லைப் பாருங்கள்

கசாக் மொழியில் யாராவது மணி சொன்னால், ஆங்கிலமாக்கும் முன் கடைசிச் சொல்லைப் பிடியுங்கள்: 'கெத்தி' என்றால் பாஸ்ட் (past), 'கல்தி' என்றால் டு (to).

'உஷ்தென் ஓன் மினுத் கெத்தி', அதாவது மூன்றிலிருந்து பத்து நிமிடம் போய்விட்டது, 3:10, டென் பாஸ்ட் த்ரீ. 'உஷ்கே ஓன் மினுத் கல்தி' என்றால் மூன்றுக்கு இன்னும் பத்து நிமிடம் மிச்சம், 2:50, டென் டு த்ரீ. அந்த 'கே' நம் 'க்கு' மாதிரியே வேலை செய்வதால் தமிழர்களுக்கு இது சுலபம்.

ஆனால் 'இலிருந்து' என்று பொருள்படும் 'தென்' மட்டும் காதில் விழுந்ததும் பாஸ்ட் என்று எழுதிவிடாதீர்கள், 'உஷ்தென் கெயின்' வெறும் மூன்று மணிக்குப் பிறகுதான். அரை மணிக்கும் இந்த வழி உதவாது. 'எகி ஜாரிம்' நம் இரண்டரை போலத்தான், 2:30.