பழைய பங்கு விலையைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

2020 ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை காலை. சந்தை திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சித்தப்பாவிடமிருந்து போன். "ஏன்டா, ஐஷர் மோட்டார்ஸ் வெள்ளிக்கிழமை 21 ஆயிரத்துச் சொச்சம். இன்னிக்கு 2 ஆயிரத்துச் சொச்சம் காட்டுது. கம்பெனிக்கு என்ன ஆச்சு?"

கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரகடம் ஆலையிலிருந்து அவர்களுடைய புல்லட் பைக் வழக்கம்போல வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை 1 ரூபாய் முகமதிப்புள்ள பத்துப் பங்குகளாகப் பிரித்திருந்தார்கள், அவ்வளவுதான். பிரித்த பங்குகள், நம் பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கில் வந்துசேர ஓரிரு நாள் ஆகும். விலை மட்டும் அன்று காலையிலேயே பத்தில் ஒன்றாகிவிடும். அந்த இடைவெளியில்தான் ஆப் 90 சதவீத நஷ்டம் என்று சிவப்பில் காட்டி ஆளைப் பயமுறுத்தும்.

சித்தப்பா விற்கவில்லை. ஆனால் சில நாள் கழித்து இன்னொரு சந்தேகத்தோடு வந்தார். சார்ட்டில் அந்த வெள்ளிக்கிழமை விலையும் 2 ஆயிரத்துச் சொச்சம் என்று மாறியிருந்தது. நடந்து முடிந்த விலை எப்படி மாறும் என்று கேட்டார். பழைய விலையில் வரும் பாதித் தவறுகளுக்கு அந்தக் கேள்விதான் விடை. ஒரே நாளுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, அன்று சந்தையில் உண்மையில் கைமாறிய விலை; என்எஸ்இ, பிஎஸ்இ ஆகிய இரு பங்குச் சந்தைகளும் தினமும் வெளியிடும் பாவ்காபி கோப்பில் இருப்பது இது. இன்னொன்று, பிறகு வந்த ஸ்ப்ளிட் (இப்படிப் பங்கைப் பிரிப்பது), போனஸ் (இருக்கும் பங்குக்கு ஏற்ப இலவசமாகக் கூடுதல் பங்கு தருவது) எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பின்னோக்கி வகுத்துப் போட்ட விலை. சார்ட்டுகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த அட்ஜஸ்ட் செய்த விலைதான். எதற்கு எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் கலக்கும்போதுதான் வம்பு.

இன்ஃபோசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் ஐபிஓ விலை, அதாவது பொதுமக்களுக்கு முதன்முதலாகப் பங்கு விற்ற விலை, 95 ரூபாய். அதன்பின் 1994, 1997, 1999-இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ், 2000-இல் ஸ்ப்ளிட், 2004-இல் ஒன்றுக்கு மூன்று, பிறகு 2006, 2014, 2015, 2018-இல் மறுபடி ஒன்றுக்கு ஒன்று. பெருக்கிப் பார்த்தால் அன்றைய ஒரு பங்கு இன்று 1,024 பங்குகள். 95-ஐ 1,024-ஆல் வகுத்தால் 9 காசு. "இன்ஃபோசிஸ் ஒரு காலத்தில் பத்துக் காசுகூட இல்லை, அதனால் இன்று 1 ரூபாய்க்கு விற்கும் பங்கை வாங்கிப் போடு" என்று வாட்ஸ்அப்பில் வரும் அறிவுரைக்கு ஊற்றுக்கண் இந்த வகுத்தல்தான். அன்று யாரும் இன்ஃபோசிஸைக் காசுக் கணக்கில் வாங்கவில்லை. 100 பங்குக்கு 9,500 ரூபாய் எண்ணிக் கொடுத்தார்கள், 1993-இல் அது சின்னத் தொகை அல்ல. அந்த ஐபிஓவை முழுசாக வாங்கக்கூட ஆளில்லாமல் இருந்தது என்பது வேறு கதை.

இதன் மறுபக்கம் நம்ம சென்னைக் கம்பெனி எம்ஆர்எஃப். 2023 ஜூன் 13 அன்று ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, இந்தியாவில் முதல்முறையாக. "யப்பா, எவ்வளவு காஸ்ட்லி!" என்றார்கள். அந்தப் பங்கை அவர்கள் பிரிக்கவே இல்லை. மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள். இன்ஃபோசிஸுக்கு 400 கோடிக்கும் மேல். இந்த இரண்டு விலைகளையும் ரூபாயில் ஒப்பிடுவது, முழுத் தோசையின் விலையையும் ஒரு விள்ளலின் விலையையும் ஒப்பிடுவது போலத்தான்.

வரிக் கணக்கில் சார்ட் விலை

பணம் நேரடியாகக் கையை விட்டுப் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். 2018 ஜனவரி 31 அன்றோ அதற்கு முன்போ வாங்கிய பங்கை இப்போது விற்றால், அந்த ஜனவரி 31-இன் அதிகபட்ச விலையைப் பார்க்க வேண்டும். அந்த விலை, விற்ற விலை இரண்டில் குறைந்ததை எடுத்து, அதையும் வாங்கிய விலையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதையே அடக்கவிலையாக வைத்துக்கொள்ளலாம். அதுவரை சேர்ந்த லாபத்துக்கு வரி வேண்டாம் என்று கொடுத்த சலுகை இது.

ஒருவர் 2017-இல் இன்ஃபோசிஸ் 100 பங்கை 950 ரூபாய் வீதம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2018 செப்டம்பரில் போனஸாக இன்னொரு 100 வந்தது. ஜனவரி 31 விலையைக் கணக்குக்கு வசதியாக 1,150 என்று வைப்போம். இன்று சார்ட்டைத் திறந்தால் அதே நாளுக்கு 575 என்று இருக்கும், போனஸுக்காகப் பாதியாக்கியிருப்பார்கள். இப்போது அவர் 100 பங்கை மட்டும் 1,500-க்கு விற்கிறார். டீமேட்டில் முதலில் வந்தது முதலில் போனதாகக் கணக்கு. ஆகவே விற்றது பழைய பங்கு. சரியான அடக்கவிலை 1,150, லாபம் 35,000 ரூபாய். சார்ட்டிலிருந்து 575-ஐ எடுத்துப் போட்டால் அது 950-ஐவிடக் குறைவு, எனவே 950-தான் நிற்கும். லாபம் 55,000 என்று இல்லாத 20,000-ஐ நாமே சேர்த்துக் காட்டுவோம்.

எதிர்ப்பக்கமும் சறுக்கலாம். 200 பங்கையும் விற்றுவிட்டு எல்லாவற்றுக்கும் 1,150 என்று போடுபவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் லாபம் 70,000. இந்தப் பங்குகளைத் தவிர வேறு எதையும் விற்கவில்லை என்றால் நீண்டகால லாபத்துக்கு ஆண்டுதோறும் உள்ள 1.25 லட்சம் விலக்குக்குள் அடங்கி, வரியே இல்லை என்று தோன்றும். ஆனால் 2018 ஜனவரிக்குப் பின் வந்த போனஸ் பங்குக்குச் சட்டப்படி அடக்கவிலை பூஜ்யம். உண்மையான லாபம் 35,000-ம் 1,50,000-மாகச் சேர்ந்து 1,85,000. விலக்கு போக மீதி 60,000-க்கு 12.5 சதவீதம், 7,500 ரூபாய் வரி. கட்டாமல் விட்டால் பின்னால் நோட்டீஸ் வரும்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்ப்ளிட்டுக்கு இந்தக் கதை கிடையாது. ஐஷர் மாதிரி பிரித்த பங்கில் வாங்கிய விலை, ஜனவரி 31 விலை இரண்டையுமே பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். சார்ட்டுக்குப் போனஸும் ஸ்ப்ளிட்டும் ஒன்றே. வருமான வரிக்கு வேறு வேறு. வாங்கிய காலத்தில் புரோக்கர் தந்த ரசீதை, அதாவது கான்ட்ராக்ட் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது இதனால்தான்.

கம்பெனி பிரியும்போதும் இப்படி ஒரு பள்ளம் விழும். 2023 ஜூலை 19 அன்று ரிலையன்ஸ் என்எஸ்இயில் 2,841.85-இல் முடிந்தது. மறுநாள் அதிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் தனியாகப் பிரிய, சிறப்பு அமர்வில் ரிலையன்ஸுக்குக் கிடைத்த விலை 2,580. இடையில் காணாமல் போன 261.85 ரூபாய்தான் ஜியோவின் விலை. அது நஷ்டமல்ல, வேறு பெயரில் நம் கணக்கிலேயே இருந்தது. வாங்கிய விலையையும் பிரிக்க வேண்டும்: ரிலையன்ஸுக்கு 95.32 சதவீதம், ஜியோவுக்கு 4.68 சதவீதம் என்று கம்பெனியே அறிவித்தது. 2,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் 1,906.40, 93.60. ஜியோவைப் 'பைசா செலவில்லாமல் வந்தது' என்று பூஜ்யத்தில் எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

விலை மட்டும் பார்த்தால் டிவிடெண்ட் மறைந்துபோகும்

வேதாந்தா பங்கு 2022 மார்ச் இறுதியில் 400 ரூபாயை ஒட்டி இருந்தது, ஓராண்டு கழித்து 275-ஐ ஒட்டி. சார்ட்டை மட்டும் பார்த்தால் சரியான அடி. அந்த ஒரே ஆண்டில் பங்குக்கு 101.50 ரூபாய் டிவிடெண்ட் (கம்பெனி தன் லாபத்திலிருந்து தரும் பணம்) கொடுத்திருந்தார்கள். அதைச் சேர்த்தால் அடி கொஞ்சம்தான் (வரி போக மீதி எவ்வளவு என்பது அவரவர் வரம்பைப் பொறுத்தது). சில தளங்கள் டிவிடெண்டையும் கழித்துப் பழைய விலையைத் திருத்தும், பெரும்பாலான புரோக்கர் சார்ட்டுகள் அதைச் செய்யாது. இரண்டு தளத்தில் ஒரே நாளுக்கு வேறு விலை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சந்தையின் போக்கைக் காட்டும் நிஃப்டி, சென்செக்ஸ் போன்ற குறியீட்டிலும் இதே பிரச்சினை உண்டு. மியூச்சுவல் ஃபண்டுகள் டிவிடெண்டும் சேர்ந்த டிஆர்ஐ குறியீட்டோடுதான் தங்களை ஒப்பிட வேண்டும் என்று சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2018 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாக்கியது. அதுவரை டிவிடெண்ட் இல்லாத நிஃப்டியை 'ஜெயித்தோம்' என்று காலரைத் தூக்கிக்கொள்வது சுலபமாக இருந்தது.

அப்புறம், தொடங்கும் தேதி. 2008 ஜனவரி 8-இல் நிஃப்டி 6,287-இல் முடிந்தது. 2020 மார்ச் 23-இல், கொரோனா பீதியில், 7,610. பன்னிரண்டு வருடத்துக்கு மொத்தமாகவே 21 சதவீதம். அதே நிஃப்டியை 2009 மார்ச் அடிமட்டத்தில் தொடங்கி 2020 ஜனவரியில் முடித்துக் காட்டினால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஒருவர் "கடந்த இத்தனை ஆண்டுகளில்" என்று ஆரம்பித்தால், ஏன் சரியாக அத்தனை ஆண்டு என்று கேளுங்கள்.

புள்ளிக் கணக்கும் அப்படித்தான். பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழலின்போது, 1992 ஏப்ரல் 28 அன்று சென்செக்ஸ் 570 புள்ளி விழுந்தது. அன்றைக்கு அது 12 சதவீதத்துக்கும் மேல். சென்செக்ஸ் 80,000-இல் இருக்கும்போது 570 புள்ளி ஒரு சதவீதம்கூட இல்லை, டீ குடித்து முடிப்பதற்குள் வந்து போகும்.

பட்டியலில் இல்லாதவை

"இன்று நிஃப்டியில் இருக்கும் ஐம்பது பங்கையும் இருபது வருடத்துக்கு முன்பே வாங்கியிருந்தால்" என்று கணக்குப் போடுபவர்கள் அதிகம். ஜெயித்தவர்களை வைத்து ஓட்டப் பந்தயம் நடத்துகிறார்கள். 1986-இல் சென்செக்ஸ் வந்தபோது இருந்த முப்பதில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பல்லார்பூர் எல்லாம் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று ஒரே நாளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மதிப்பை இழந்த ஐடி கம்பெனி சத்யமும் அதுவரை சென்செக்ஸ் பங்குதான்.

சித்தப்பாவிடம் லட்சுமி விலாஸ் பேங்க் இருந்தது. 1926-இல் கரூரில் தொடங்கிய பேங்க், எங்கள் பக்கத்தில் அதை வீட்டுப் பேங்க் மாதிரிதான் பேசுவார்கள். 2020 நவம்பர் 27-இல் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தபோது டெபாசிட் போட்ட பணம் பத்திரமாக இருந்தது, பங்குதாரர்களின் மூலதனம் முழுக்கத் துடைக்கப்பட்டது. பங்குக்குப் பங்கு என்று எதுவும் தரவில்லை. இன்றிருக்கும் வங்கிப் பங்குகளை வைத்து "பேங்க் பங்கு கடந்த பத்து வருடத்தில் இவ்வளவு தந்தது" என்று யாராவது சொன்னால், அந்தச் சராசரிக்குள் இந்தப் பூஜ்யம் இருக்கிறதா என்று சித்தப்பா இப்போது கேட்கிறார். இதுவரை யாரும் இருக்கிறது என்று சொல்லவில்லை.