வீட்டில் சண்டை வராமல் மாரத்தானுக்குத் தயாராவது எப்படி? வேலூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். சும்மா முடித்தால் போதாது, நேரத்தைக் குறைக்க வேண்டும், வயதுப் பிரிவில் ஒரு இடம் பிடிக்க வேண்டும் என்று நினைப்பவர் வாரத்துக்கு 45 கிலோமீட்டராவது ஓடியாக வேண்டும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று வைத்தால் ஐந்தே கால் மணி நேரம். இந்த ஐந்தே கால் மணி நேரத்துக்காக எந்த வீட்டிலும் பெரிய சண்டை வராது. ஞாயிறு காலை ஓடிவிட்டு வந்தவர் மதியம் மூன்று மணி வரை ஹாலில் பாயைப் போட்டுக் கிடக்கிறாரே, அதற்குத்தான் வரும். அதனால் கீழே பாதிக்கு மேல் ஓடாத நேரத்தைப் பற்றியே எழுதியிருக்கிறேன்.

படி 1: முதலில் தினசரி காலண்டர்

நம் ஊர்க்காரர்களுக்கு வசதியான பந்தயம் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தான். காட்பாடியில் ரயில் ஏறினால் போதும், வெயிலும் தணிந்திருக்கும். அங்கிருந்து 16 வாரம் பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் நடுவில் பயிற்சி தொடங்க வேண்டும். அதற்குள் என்னென்ன வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்: காலாண்டுத் தேர்வு, புரட்டாசி சனிக்கிழமைகள், நவராத்திரி, தீபாவளி, மழை, கார்த்திகை தீபம், அரையாண்டுத் தேர்வு. ஆக நீளமான ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் வரும். அதாவது அரையாண்டுத் தேர்வு நேரத்தில் வந்து நிற்கும்.

வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த வருடம் அரை மாரத்தானோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஓடிப் பழகியவருக்கு அதற்கு 12 வாரம் போதும். எதுவானாலும் பணம் கட்டும் முன்பு வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கட்டிவிட்டு வந்து சொன்னால் அது கேட்பது ஆகாது, தகவல் சொல்வதுதான்.

படி 2: எதை விடலாம், எதை விடக்கூடாது

வாரத்துக்கு நான்கு ஓட்டம். அதில் இரண்டை மட்டும் விடக்கூடாது. ஒன்று வேக ஓட்டம்: 800 மீட்டர் வேகமாக, நடுவில் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து முறை. ஸ்டேடியம் டிராக்கில் 400 மீட்டர் சுற்று என்பதால் கணக்குச் சுலபம். இன்னொன்று வார இறுதியில் வரும் நீண்ட ஓட்டம்.

மற்ற இரண்டும் மெதுவோட்டம். இவற்றுக்கு நேரமோ இடமோ முக்கியமில்லை. டியூஷன் வாசலில் போன் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த ஒரு மணி நேரம் போதும். கோட்டைப் பூங்காப் பக்கம் பையன் சைக்கிள் ஓட்ட, நீங்கள் கூட ஓடலாம். அவன் கேட்கும் கேள்விக்கெல்லாம் மூச்சு வாங்காமல் பதில் சொல்ல முடிகிற வேகம்தான் சரியான வேகம். பதில் திக்கினால் வேகம் அதிகம்.

படி 3: விடிகாலை

ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. கத்திரி வெயிலில் போட்டிப் பயிற்சியே வேண்டாம், வாரம் மூன்று நாள் மெதுவோட்டம் போதும். மற்ற மாதங்களில் விடக்கூடாத அந்த இரண்டு ஓட்டத்துக்கு மட்டும் நாலரைக்கு எழுந்தால் போதும். முந்தின இரவு ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். இதைத் தினமும் செய்தால் வீட்டில் யாரோடும் பேச நேரமே இருக்காது. இருட்டில் தனியாக ஓடுவது சரிவராத பெண்கள், நாய்த் தொல்லை உள்ள தெருக்காரர்கள் ஸ்டேடியத்துக்கே போய்விடுவது மேல்.

படி 4: ஓடி முடித்த பிறகு

இதுதான் முக்கியமான இடம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஆள் படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: வெறும் வயிற்றில் ஓடியது, உப்பும் தண்ணீரும் இறங்கியது, தேவைக்கு மேல் வேகமாக ஓடியது.

கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவதாக இருந்தால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. பழத்தை எடுத்துக்கொண்டு ஓட முடியாதவர்கள் பாக்கெட்டில் பேரீச்சம்பழம் போட்டுக்கொள்ளலாம்.

ஓடுவதற்கு முன்பும் பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. அதை வெறும் தண்ணீராகவே மடமடவென்று குடித்துத் தீர்க்காதீர்கள். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகலாம். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. மோர் ஊற்றிக் கரைத்த கேழ்வரகுக் கூழ் இன்னும் நல்லது, உப்பு, நீர், மாவு மூன்றும் ஒரே சொம்பில் வந்துவிடும்.

குளித்ததும் சாப்பிட்டுவிடுங்கள். அதன் பிறகு தூக்கம் அரை மணி நேரம், அலாரம் வைத்து. ஒன்பதரைக்குள் நீங்கள் ஆளாக நடமாடிக்கொண்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மிச்சம். மூன்று வாரம் முயன்றும் படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒரு நீண்ட ஓட்டத்தைக் குடும்பப் பயணமாக்குங்கள்

1989 வரை திருவண்ணாமலையும் நம் வட ஆற்காடு மாவட்டம்தான். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இரண்டு சுற்று 28 கிலோமீட்டர், மெதுவோட்டத்தில் மூன்றேகால் மணி நேரம். அஷ்டலிங்கங்களையும் கும்பிட்டு, நடுவில் டீ குடித்து வீட்டார் ஒரு சுற்று நடந்து வர நான்கு மணி நேரமாவது ஆகும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் வழியில் ஒருமுறை அவர்களைத் தாண்டுவீர்கள், கடைசியில் அவர்களுக்காகக் காத்திருப்பதும் நீங்கள்தான்!

பௌர்ணமியும் தீபமும் வேண்டவே வேண்டாம், கூட்டத்தில் நடக்கவே இடமிருக்காது. சாதாரண நாள் விடிகாலையில் போங்கள். அங்கே செருப்பில்லாமல் நடப்பது வழக்கம். ஷூவோடு ஓடுவது உங்களுக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ நெருடினால் ஏலகிரி இருக்கிறது. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறினால் தொடை தனியாகப் பேசும்.

படி 6: வேலை மாற்று

நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஐந்தே கால் மணி நேரமும் வேறொருவர் தோளில்தான் ஏறுகிறது. அதை அதே வாரத்தில் வேலையாகத் திருப்பிக் கொடுங்கள். சனிக்கிழமை அரிசி உளுந்து ஊறப்போட்டு, கிரைண்டரில் ஆட்டி, கிரைண்டரைக் கழுவி வைப்பது வரை உங்கள் வேலை. கழுவாமல் விட்டால் கணக்கில் சேராது. தண்ணீர் வரும் நாளில் விடிகாலை ஓட்டம் கிடையாது. குடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, மாலையில் ஓடுங்கள். கணவருக்கோ மனைவிக்கோ வாரத்தில் ஒரு அரை நாள் முழுசாகக் கொடுங்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்க வேண்டாம்.

படி 7: தவறினால்

குழந்தைக்குக் காய்ச்சல், ஊரில் சாவு, மாற்று ஷிப்ட் என்று ஏதாவது வரத்தான் செய்யும். தவறிய ஓட்டத்தை அடுத்த நாள் சேர்த்து ஓடாதீர்கள். ஒரு வாரம் போனால் போன வாரத்தின் அட்டவணையிலிருந்தே தொடருங்கள். மூன்று வாரம் போய்விட்டால், பந்தய விதி அனுமதித்தால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நேர இலக்கை விட்டுவிட்டு நிதானமாக ஓடுங்கள்.

பந்தயம் முடிந்தபின் இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். பொங்கல் அதற்குள் வந்துவிடும். வெள்ளையடிக்கும் வேலையை உங்களுக்கென்றே வைத்திருப்பார்கள். முதல் இரண்டு நாள் மட்டும் ஏணியில் ஏறாமல் கீழ்ச்சுவரைப் பாருங்கள்.