மாத்திரையோடு மூலிகையும்: சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு

முதல் வேலை, உள்ளே போகும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுவது: மாத்திரையின் பெயர், மி.கி. அளவு, நேரம், கூடவே சூரணம், கஷாயம், சத்து மாத்திரை. அலோபதி, சித்தா இரண்டு மருத்துவர்களிடமும் அதே தாளைக் காட்டுங்கள். "இயற்கைதானே" என்று சொல்லாமல் விடுவதில்தான் பாதிச் சிக்கல்.

புதிதாகச் சேர்ப்பதை ஒவ்வொன்றாகச் சேருங்கள். இரண்டை ஒன்றாகத் தொடங்கினால் எது கேட்டது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாது.

கிளிமிபிரைடு (சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை) அல்லது இன்சுலினோடு வெந்தயப்பொடி, பாகற்காய்ச் சாறு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். வியர்வை, கைநடுக்கம் வந்தால் உடனே சோதியுங்கள். சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ்; 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை.

அதிமதுரம் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இருமல் பொடிகளிலும் அது இருக்கலாம், லேபிளைப் பாருங்கள். இசப்கோல் (மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் நார்ச்சத்து உமி) மற்ற மருந்துகள் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். 2 மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள்.

யோகா நல்லதுதான், பிரஷர் கட்டுக்குள் வராதவர்களுக்குச் சிரசாசனம் மட்டும் வேண்டாம்.

எண்கள் இறங்கினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷரை 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் காலை, மாலை பார்த்துக் குறித்துக் கொடுங்கள். அளவைக் குறைக்கலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.