டிரெய்லர் லைட் தாறுமாறாக எரிகிறதா? பல்பை விடுங்கள், எர்த்தைப் பாருங்கள்

இடது இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து சிமிட்டும். பிரேக்கை மிதித்தால் டெயில் லேம்ப் மங்கும். பழைய டிரக்கில் டிரெய்லரை மாட்டியதும் இப்படி ஆனால் முதல் சந்தேகம் எர்த் மீதுதான், அதாவது லைட்டிலிருந்து கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி மீதுதான் வர வேண்டும். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து, அந்த வயர் வழியாகவே டிரக்கின் பின்பக்க பல்புக்குப் போய் அங்கே எர்த்தைத் தேடிக்கொள்கிறது. ஷார்ட் இல்லாததால் ஃபியூஸும் போகாது.

நிற்கும்போது நன்றாக எரிந்து, ஓடும்போது அணைந்தாலும் காரணம் இதுவாக இருக்கலாம். எர்த் வயர் அறுந்திருந்தாலும் கிங் பின் (டிரெய்லரை டிரக்கோடு பிணைக்கும் இரும்பு முளை) வழியாகத் தற்செயலாக எர்த் கிடைக்கும். நடுவில் கிரீஸ் இருப்பதால் வண்டி குலுங்கினால் அதுவும் விட்டுப்போகும்.

1. உறுதி செய்யுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, லேம்பின் எர்த் முனையிலிருந்து டிரக் சேஸிஸுக்கு நேராக ஒரு வயர் கொடுங்கள். லைட் ஒழுங்காகிவிட்டால் கோளாறு எர்த்தில்தான்.

2. இடத்தைக் கண்டுபிடியுங்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தால் 24 வோல்ட் முழுசாகக் காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் அப்படித்தான் காட்டும். ஓம்ஸில் வைத்துப் பார்த்தாலும் இதே ஏமாற்றம்தான். எனவே பிளக்கை மாட்டி, டெயில், பிரேக், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் எரியவிட்டே அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனையை நீளமான வயரால் டிரக் பேட்டரியின் நெகட்டிவோடு இணைத்து, சிவப்பு முனையை லேம்பின் எர்த்தில் தொடுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. 1 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு. அங்கிருந்து டிரெய்லர் சேஸிஸ் போல்ட், பிளக், சாக்கெட், டிரக் சேஸிஸ் என்று முன்னோக்கி வாருங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே ரீடிங் சட்டென்று விழுகிறதோ, பழுது அங்கேதான்.

ஐஎஸ்ஓ 1185 வகை 24 வோல்ட் சாக்கெட்டில் எர்த் 1-ஆம் பின், வெள்ளை வயர். பலர் கைபட்ட பழைய டிரெய்லரில் நிறத்தை நம்பாதீர்கள்.

3. சரிசெய்யுங்கள். போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போடுங்கள். நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கிய பிறகே வாஸ்லின் பூசுங்கள். வயருக்குள் பச்சைக் களிம்போ கருப்போ ஏறியிருந்தால் நல்ல செம்பு வரும்வரை வெட்டுங்கள். லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) கிரிம்ப் செய்வதே, அதாவது நசுக்கி இறுக்குவதே என் தேர்வு. சால்டர் போட்டால் அது முடியும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் ஒடிந்துவிடும். பிளக்கின் பித்தளைப் பின் நடுவே பிளந்திருந்தால் மெல்லிய கத்தியால் லேசாக விரியுங்கள், பிடிப்பு வரும்.

எல்இடி மாட்டியவர்களுக்கு: எல்இடி இழுக்கும் கரண்ட் குறைவு என்பதால் 2-ஆவது படியில் எர்த் கோளாறு தெரியாமல் போகலாம். லேம்பின் பிரேக் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைத் தற்காலிகமாகக் கட்டி, பிரேக்கை மிதித்தபடி அளங்கள்.