நெடுந்தூரக் குதிரையின் குளம்பு: வெறுங்குளம்பா, காலணியா, லாடமா?

நெடுந்தூரச் சவாரிப் போட்டியின் ஒவ்வொரு கட்டத்திலும் கால்நடை மருத்துவர் குதிரையின் நாடித்துடிப்பைப் பார்ப்பதோடு, அதை நேர்கோட்டில் ஓடவிட்டு நடையையும் சோதிக்கிறார். துடிப்பு எவ்வளவு சீராக இருந்தாலும் நடையில் பிசகு தெரிந்தால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். குதிரைகள் விலக்கப்படுவதற்கு மிகப் பொதுவான காரணமும் இந்த நொண்டலே. வெறுங்குளம்பே இயற்கை என்போரும் இரும்பு லாடமின்றி முடியாது என்போரும் ஓயாமல் வாதிடுகிறார்கள். ஆனால் 1955 முதல் கலிபோர்னியாவின் மலைப்பாதைகளில் நடந்துவரும், 24 மணி நேரத்துக்குள் 160 கிலோமீட்டர் கடக்க வேண்டிய டெவிஸ் கோப்பைப் போட்டியை லாடத்துடனும் முடித்திருக்கிறார்கள், குளம்பின் மேல் உறைபோல் அணிவிக்கும் குளம்புக் காலணியுடனும் முடித்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் குதிரையின் குளம்பையும் ஓடப்போகும் தரையையும் வைத்தே முடிவெடுங்கள்.

முதலில் குளம்பைத் தூக்கி அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அது நெகிழ்ந்து கொடுத்தால் தட்டு மெலிந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட குதிரையை வெறுங்குளம்புடன் சரளையில் ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை. ஃபிராக் எனப்படும் முக்கோண மெத்தைப் பகுதி அகன்று உறுதியாக இருக்க வேண்டும். அதன் நடுப்பள்ளம் ஆழமாகப் பிளந்து, கறுத்து, நாற்றமடித்தால் அழுகல் பிடித்திருக்கிறது, முதலில் அதை ஆற்ற வேண்டும். பிறகு பக்கவாட்டில் நின்று பாருங்கள். மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் மயிர்க்கோட்டிலிருந்து புதிதாக இறங்கும் குளம்புச் சுவர் ஒரு சாய்விலும், அதன் கீழ்ப்பாதி வெளியே விரிந்து வேறொரு சாய்விலும் இருந்தால், சுவரின் பிடிப்பு கீழே தளர்ந்திருக்கிறது. கடைசியாக, கெட்டியான தரையில் நடக்கவிட்டுக் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுங்கள். குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும். நுனி முதலில் பதிந்தால் பின்பகுதி வலிக்கிறது அல்லது வலுவற்றிருக்கிறது.

குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. பயிற்சியில் தேய்மானம் இந்த வளர்ச்சியை மிஞ்சினால், குளம்பு எத்தனை ஆரோக்கியமாக இருந்தாலும் பாதுகாப்பு தேவை. லாடத்தைக் கழற்றிவிட்டு வெறுங்குளம்புக்கு மாற நினைப்பவர்கள், மயிர்க்கோட்டில் தொடங்கும் சுவர் முன்நுனியில் தரையைத் தொட 9 முதல் 12 மாதங்கள் ஆகும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். போட்டிப் பருவத்துக்கு நடுவே இம்மாற்றத்தைத் தொடங்கக் கூடாது. இடைக்காலத்தில் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பு சீவுவதும், மாவுச்சத்தும் சர்க்கரையும் குறைந்த தீனியும், கடினத் தரையில் தினசரி நடையும் வேண்டும்.

குளம்புக் காலணிதான் பலருக்கும் நடைமுறையில் ஒத்துவரும் நடுவழி என்பது என் கருத்து, ஆனால் அளவு பிசகினால் அதைப் போல் தொல்லை வேறில்லை. சீவிய அன்றே நீளத்தையும் அகலத்தையும் அளக்க வேண்டும், வாரக்கணக்கில் வளர்ந்த குளம்பை அளந்தால் அடுத்த முறை சீவியதும் காலணி தளர்ந்துவிடும். முன்குளம்பு வட்டமாகவும் பின்குளம்பு சற்றே குறுகியும் இருப்பதால் நான்கையும் தனித்தனியே அளவிடுங்கள். போட்டுப் பார்த்தபின் காலணியைப் பிடித்துத் திருகினால் குளம்போடு சேர்ந்தே திரும்ப வேண்டும், தனியாகச் சுழலக் கூடாது. குதிகால் மேட்டிலும் கணுவுக்குக் கீழும் பட்டை உராயும். உள்ளே மணல் புகுந்தால் சில கிலோமீட்டரிலேயே தோல் உரிந்துவிடும். எனவே நடையில் மட்டுமன்றிப் பாய்ச்சலிலும், இறக்கத்திலும், ஓடை கடக்கும்போதும் சோதித்துப் பார்த்த பிறகே போட்டியில் அணிவிக்க வேண்டும். பசையால் ஒட்டும் வகைக்குக் குளம்பு முற்றிலும் உலர்ந்து, சுத்தமாக, அரத்தால் சொரசொரப்பாக்கப்பட்டிருக்க வேண்டும். சிறிது ஈரமிருந்தாலும் பசை பிடிக்காது. போட்டி முடிந்ததும் நாள் கடத்தாமல் கழற்றிவிட வேண்டும்.

பாறையும் சரளையும் மிகுந்த பாதையில், நல்ல லாடக்காரர் கிடைத்தால், இரும்பு லாடம் இன்றும் நம்பகமான தேர்வுதான். அது குதிகாலின் விரிவைக் கட்டுப்படுத்தும், தார்ச்சாலையிலும் வழுக்குப்பாறையிலும் சறுக்கும், அடித்தட்டைக் கற்களிடமிருந்து முழுமையாகக் காக்காது. அடித்தட்டு மெலிந்த குதிரைக்கு லாடத்துக்கும் குளம்புக்கும் இடையே தகடு வைக்கலாம். ஆணி உணர்வுள்ள திசுவுக்கு நெருக்கமாக இறங்கியிருந்தால் அது தெரியச் சில நாள்கள் ஆகலாம் என்பதால், புதிய லாடத்தைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே அடித்துவிடுவது நல்லது. உடலெடையில் பெரும்பங்கை முன்கால்கள் தாங்குவதால் முன்னிரண்டுக்கு மட்டும் பாதுகாப்புத் தந்து பின்னிரண்டை வெறுமனே விடுவதும் தவறன்று.

எதைத் தேர்ந்தாலும், முன்குளம்பின் அளவில் ஒரு மாற்றுக் காலணியைச் சேணத்தில் கட்டிக்கொள்ளுங்கள். நடுவழியில் லாடம் கழன்றால் அதை மாட்டிக்கொண்டு அடுத்த சோதனைச் சாவடிவரை போய்ச் சேரலாம். சாவடியில் குதிரை தண்ணீர் குடிக்கும் நேரத்தில் நான்கு குளம்புகளையும் தூக்கி, சிக்கிய கல்லையும், தளர்ந்த ஆணியையும், உராய்ந்த தோலையும் பார்த்துவிடுங்கள். ஒரு குளம்பு மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், மீண்டும் ஏறுவதற்கு முன் மருத்துவரை அழையுங்கள்.