மருந்தைக் கையில் எடுக்கும் முன்: நோயுற்ற வளர்ப்பு மீனை வீட்டிலேயே கவனிக்கும் முறை

தொட்டியில் ஒரு மீன் மட்டும் மூலையில் ஒதுங்கி, துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, தீனி போட்டாலும் திரும்பிப் பாராமல் நிற்பதைக் கண்டதும் கை தானாகவே மருந்துப் புட்டியைத் தேடும். அந்தக் கையைச் சற்று நேரம் கட்டிப்போடுவதுதான் சிகிச்சையின் முதல் படி. வீட்டுத் தொட்டியில் மீன் நலிவதற்குப் பெரும்பாலும் முதற்காரணம் நீரின் கேடுதான். கிருமி அதற்குப் பின்னால் வருகிறது. நீரைச் சரிசெய்யாமல் மருந்து ஊற்றினால், ஏற்கெனவே மூச்சுவிடத் திணறும் மீனுக்கு இன்னுமொரு வேதிப்பொருளைச் சுமக்கும் வேலையையும் கொடுத்தவர்களாவோம்.

முதலில் தொட்டியின் முன் பத்து நிமிடமாவது அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். செவுள் மூடிகள் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கின்றனவா, ஒரு பக்கச் செவுள் மட்டும் அசையாமல் இருக்கிறதா, மீன் கற்களிலோ ஹீட்டரிலோ உடலை உரசுகிறதா, கழிவு வெள்ளையாக நூல்போல் தொங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மீனுக்குத்தான் தொல்லையா, எல்லா மீன்களுக்குமா என்பது மிக முக்கியம். எல்லா மீன்களும் ஒரே நாளில் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடினால், அது பெரும்பாலும் நீரின் குற்றமே.

இயல்பாக நடப்பதை நோய் என்று எண்ணிவிடவும் கூடாது. பெட்டாவும் கௌராமியும் மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் பிறவிப் பழக்கம். நியான் டெட்ராக்கள் இரவில் நிறம் வெளிறிப்போய், விளக்கு போட்டுச் சிறிது நேரம் கழிந்ததும் பழைய பளபளப்புக்குத் திரும்பும். கோமாளி லோச் ஒருக்களித்துப் படுத்து உறங்குவதைப் பார்த்து, செத்துவிட்டது என்று வலையோடு ஓடி வந்தவர்கள் பலர்.

நானும் ஒருமுறை இவ்வாறு ஏமாந்தேன். ஆண் கோல்டு ஃபிஷ் ஒன்றின் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் எழும்பியதைக் கண்டு, வெண்புள்ளி நோய் என்றே முடிவுகட்டி மெத்திலீன் ப்ளூவைத் தொட்டி முழுவதும் கலந்துவிட்டேன். அவை இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனுக்கு வரும் சிறு புடைப்புகள் என்பதும், செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் வரிசையாக அமைந்து மற்ற இடங்களுக்குப் பரவாமல் நிற்பதே அவற்றின் அடையாளம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அந்த மருந்து வடிகட்டியில் குடியிருந்த நன்மை செய்யும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிட்டதால், மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியா ஏறி, நோயே இல்லாத தொட்டியில் நோயை நானே வரவழைத்தேன். மூலைகளில் பூசியிருந்த சிலிக்கானில் ஏறிய நீலக்கறை இன்றும் போகவில்லை.

கவனித்து முடித்த பின் நீரைச் சோதியுங்கள். அம்மோனியாவும், அதை வடிகட்டியின் பாக்டீரியா மாற்றும்போது உண்டாகும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும். நைட்ரைட்டும் மாறிக் கடைசியில் சேரும் நைட்ரேட் 40 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 40 பங்குக்கு) கீழே, முடிந்தால் 20க்குக் கீழே இருப்பது நல்லது. அம்மோனியாவின் அளவை மட்டும் தனியாகப் பார்த்து ஆறுதல் அடையக்கூடாது, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால் அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக வேலை செய்யும் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகிறது, வெப்பம் கூடினாலும் அது கூடுகிறது. நைட்ரைட் ஏறியிருந்தால் மீனின் குருதி ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, செவுள்கள் பழுப்பேறும். தொட்டி அமைத்து நான்கைந்து வாரம்கூட ஆகவில்லை என்றால், வடிகட்டியில் பாக்டீரியா இன்னும் போதுமான அளவு வளராமல் இருப்பதே காரணமாக இருக்கலாம்.

எண்கள் தவறாக இருந்தால் மருந்து வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீரை மாற்றி, புதிய நீரை அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, குளோரின் நீக்கியைக் கலந்து ஊற்றுங்கள். குழாய் நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது சரியே. ஆனால் குடிநீரில் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் சேர்க்கப்படும் இடங்களில் அது அவ்வாறு போகாது. தீனியைக் குறைத்து, காற்றுக் குமிழியைக் கூட்டி, மறுநாள் மீண்டும் சோதியுங்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். பல மீன்கள் இந்த அளவிலேயே தேறிவிடும்.

நீர் நன்றாக இருந்தும் மீன் தேறாவிட்டால், அப்போது நோயைத் தேடலாம். வீட்டுத் தொட்டியில் அடிக்கடி தென்படுவது வெண்புள்ளி நோய். உப்பைத் தூவியதுபோல் தனித்தனிப் புள்ளிகள் உடலிலும் துடுப்பிலும் ஒழுங்கின்றித் தோன்றி, ஓரிரு நாளில் பெருகும். இந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் புதைந்திருக்கும்போது மருந்து அதைத் தொடாது. முதிர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து தரையில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, அவை நீந்திப் போய் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் மடிந்துவிடும். மருந்து கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டுமே. ஆகவேதான் புள்ளிகள் மறைந்தவுடன் சிகிச்சையை நிறுத்துபவர்களுக்கு அடுத்த வாரமே நோய் திரும்பி வருகிறது; கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். வெப்பநிலையை ஒரு நாளில் ஓரிரு டிகிரியாக 28 முதல் 30 டிகிரி வரை உயர்த்தினால் ஒட்டுண்ணியின் சுழற்சி விரைவாகி, மருந்துக்கு அது சீக்கிரம் அகப்படும். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் காற்றுக் குமிழியையும் சேர்த்துக் கூட்டுங்கள். கோல்டு ஃபிஷ் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு இந்த வெப்பம் பொருந்தாது.

புள்ளிகள் உப்புக்கல்லைவிடச் சிறியதாக, மஞ்சள் பொடி பூசியதுபோல் இருந்தால் அது வெல்வெட் நோய். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் பார்த்தால் தங்கத் துகள்போல் மினுங்கும். இந்த ஒட்டுண்ணி ஓரளவு ஒளியைக் கொண்டே உணவு தயாரிப்பதால், மருந்தோடு தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குவதும் உதவும்.

பஞ்சுபோன்ற படலத்தைக் கண்டால் இன்னும் நிதானம் தேவை. காயத்தின்மீது நீண்டு அலையும் வெள்ளைப் பஞ்சு பூஞ்சையாக இருக்கலாம். ஆனால் வாயைச் சுற்றியோ முதுகில் சேணம் வைத்ததுபோலவோ சாம்பல் நிறத்தில் படிந்து, ஓரிரு நாளில் மீனைச் சாய்ப்பது காலம்னாரிஸ் எனும் பாக்டீரியா நோய். வெப்பம் கூடக்கூட அது வேகமாகப் பரவும். வெண்புள்ளிக்குச் செய்ததுபோல் ஹீட்டரை ஏற்றிவிட்டால் கேடுதான் விளையும்.

துடுப்பின் ஓரம் கிழிந்து வெளுத்தாலோ சிவந்தாலோ நீரைத் தூய்மையாக வைப்பதே பாதி வைத்தியம். வயிறு ஊதி மீன் தலைகீழாக மிதந்தால் இரண்டு, மூன்று நாள் தீனியை நிறுத்திவிட்டு, கோல்டு ஃபிஷ் போன்றவற்றுக்கு வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியைச் சிறு துண்டாகக் கொடுத்துப் பாருங்கள். செதில்கள் எல்லாம் விரிந்து நின்று, மேலிருந்து பார்க்கப் பைன் மரக்காயைப்போல் மீன் தோன்றினால், அது உள்ளுறுப்புகள் பழுதானதன் அறிகுறி. அந்த நிலையில் பிழைப்பது அரிது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.

வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் தொட்டி முழுவதற்கும் சிகிச்சை தேவை, ஏனெனில் ஒட்டுண்ணி நீரிலும் தரையிலும் இருக்கிறது. மற்றவற்றுக்கு நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றுவது நல்லது. இருபது லிட்டர் கொள்ளும் வெறும் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த்துண்டு ஆகியவை போதும். அடியில் கல் வேண்டாம்.

மருந்தின் அளவு நீரின் உண்மையான கொள்ளளவைப் பொறுத்தது. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் நீர் 27 செ.மீ. உயரம் நின்றால், மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 48.6 லிட்டர் வரும். கற்களுக்கும் அலங்காரப் பொருட்களுக்கும் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறத்தாழ 44 லிட்டர். தொட்டியின் விளிம்பு வரை அளந்து 54 லிட்டர் என்று கணக்கிட்டு மருந்து ஊற்றுபவர், தமக்குத் தெரியாமலேயே அளவை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூட்டிவிடுகிறார்.

எதுவும் சேர்க்காத சாதாரண உப்பு பல நேரங்களில் கைகொடுக்கும். லிட்டருக்கு ஒரு கிராமில் தொடங்கி மூன்று கிராம் வரை, தனியே கரைத்து, ஒரே நாளில் மூன்று தவணையாகச் சேர்க்கலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உட்புகுவதையும் தடுக்கிறது. நீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த நீரை வெறும் நீரால் நிரப்புங்கள், நீரை மாற்றும்போது மட்டும் எடுத்த நீரின் அளவுக்கு உப்பிடுங்கள். கோரிடோரஸ் எனும் சிறு கெளுத்தி, லோச் ஆகிய மீன்களும் பல நீர்த்தாவரங்களும் உப்பைத் தாங்காது என்பதால் அவற்றைத் தள்ளியே வையுங்கள்.

மருந்து போடும்போது, நீரைத் தெளிவாக்க வடிகட்டியில் வைத்திருக்கும் கரியை எடுத்துவிடுங்கள். இல்லையேல் அது மருந்தை உறிஞ்சிவிடும். செம்பு கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். மாலகைட் கிரீன் எனும் சாய மருந்தைக் கையுறையின்றித் தொடாதீர்கள். காரணம் தெரியாமல் ஆன்டிபயாடிக் போடுவதையும், இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கலப்பதையும் தவிருங்கள். பாக்டீரியா நோய் என்ற ஐயம் வலுத்தால் மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரை அணுகுங்கள். சிகிச்சைக் காலம் முடிந்ததும் நீரை மாற்றி, கரியைத் திரும்ப வைத்தால் எஞ்சிய மருந்து நீங்கும். அதன்பின் ஒரு வாரம் அம்மோனியாவை நாள்தோறும் சோதியுங்கள்.

கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் தொட்டிக்குள் கைவிட வேண்டாம். மீன்களுக்கு வரும் மைக்கோபாக்டீரியம் மாரினம் எனும் கிருமி காயத்தின் வழியே மனிதத் தோலிலும் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கக்கூடியது. தனித்தொட்டிக்கென ஒரு வலையையும் குழாயையும் ஒதுக்கி வையுங்கள். அவற்றை முதன்மைத் தொட்டிக்குப் பயன்படுத்தியே ஆக வேண்டுமெனில் நன்றாகக் கழுவி, முழுமையாகக் காயவிட்ட பிறகே எடுங்கள். புதிதாக வாங்கும் மீனை மூன்று, நான்கு வாரம் அதே தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்கலாம்.