வார்டிலேயே பொம்மை செய்து டிரக்கியாஸ்டமி பராமரிப்பு பழகலாம்

பெங்களூரு மருத்துவமனைகளின் நரம்பியல் வார்டுகளில் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து தலைக்காயத்தோடு வந்து சேரும் நம் ஊர்க்காரர்களைப் பார்க்கலாம். பலருக்குக் கழுத்தில் டிரக்கியாஸ்டமி குழாய் (மூச்சுவிட, கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாயில் செருகுவது) இருக்கும். அதில் சளி அடைத்துக்கொண்டால் யோசித்துச் செய்ய நேரம் இருக்காது. அதனால் புதிதாக டியூட்டிக்கு வரும் சிஸ்டர்களும் பிரதர்களும் நோயாளியைத் தொடும் முன் பொம்மையில் பழகியே ஆக வேண்டும். விலை உயர்ந்த மேனிகின் (பயிற்சிப் பொம்மை) இல்லையென்றால் நாமே செய்துகொள்ளலாம்.

பொம்மை

வென்டிலேட்டரின் நெளி டியூப்பில், பயன்படுத்தாத துண்டு ஒரு முழம் எடுங்கள். அது மூச்சுக்குழாய். கீழ் முனையில் ஒரு கையுறையை இறுக்கிக் கட்டினால் நுரையீரல். மேல் முனை வாய். அது திறந்தே இருக்கட்டும். நடுவில் ஓட்டை போட்டு, அதன்மேல் ஓட்டையுள்ள ஸ்பாஞ்சை ஒட்டி, காலாவதியான டிரக்கியாஸ்டமி குழாய் ஒன்றைச் செருகுங்கள்.

இப்போது டிரக்கியாஸ்டமி குழாயில் ஆம்பு பேக்கை (கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை) மாட்டி அழுத்துங்கள். கஃப் (குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூன்) ஊதியிருந்தால் கையுறை விரல் விரித்து எழும். கஃப்பில் காற்றை எடுத்துவிட்டு அழுத்தினால் மேல் முனை வழியாகப் புஸ்ஸென்று வெளியேறும். கஃப் எதற்கு என்பது இந்த ஒரு அழுத்தில் புரிந்துவிடும். நோயாளிக்குக் கஃப்புக்குள் காற்றழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவில் இருக்க வேண்டும். விரலால் தொட்டுக் கணிக்காமல் மானோமீட்டரில் (அழுத்தமானி) பாருங்கள்.

சளிக்கு, குழைய வேகவைத்து வடிகட்டிய ஜவ்வரிசிக் கஞ்சி போதும்.

சக்‌ஷன்

சளியை உறிஞ்சி எடுப்பதுதான் இது. உறிஞ்சும் மெல்லிய குழாயான கேதீட்டரின் அளவுக்கு ஒரு எளிய கணக்கு: டிரக்கியாஸ்டமி குழாய் அளவில் 2 கழித்து, 2 ஆல் பெருக்குங்கள். 8ஆம் நம்பர் குழாய்க்கு 12 பிரெஞ்ச் (கேதீட்டர் தடிமனின் அளவு). உறிஞ்சும் அழுத்தம் 80 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசம். முதலில் ஆக்சிஜன் கொடுங்கள். உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது. வெளியே இழுக்கும்போது மட்டும் கட்டை விரலால் கேதீட்டரின் ஓட்டையை மூட வேண்டும். உள்ளே போய் வெளியே வர 10 விநாடி, அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் சத்தமாக எண்ணட்டும்.

அடைப்பு ஒத்திகை

என்னைக் கேட்டால் பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குவேன். டிரக்கியாஸ்டமி குழாய்க்குள் இருக்கும், தனியாகக் கழற்றக்கூடிய உள்குழாயில் கஞ்சியில் தோய்த்த பஞ்சைத் திணித்து வையுங்கள். பழகுபவர் ஆம்பு பேக்கை அழுத்தினால் கையுறை எழாது. வரிசை இது:

1. உதவிக்குக் குரல் கொடுங்கள். மூச்சு இருக்கிறதா என்று வாயிலும் குழாயிலும் பாருங்கள். இல்லையென்றால் உடனே அவசரக் குழுவைக் கூப்பிடுங்கள்.
2. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆக்சிஜன் வையுங்கள்.
3. மூடியோ பேச உதவும் வால்வோ இருந்தால் கழற்றுங்கள்; உள்குழாயை எடுங்கள்.
4. கேதீட்டர் போகிறதா பாருங்கள். போனால் சக்‌ஷன்.
5. போகவில்லையென்றால் கஃப்பில் காற்றை எடுங்கள்.
6. அப்போதும் மூச்சு சீராகவில்லையென்றால் குழாயையே எடுத்துவிட்டு, கழுத்து ஓட்டையைக் கையால் மூடி, வாய் வழியாக ஆம்பு கொடுங்கள்.

பெரும்பாலும் மூன்றாவது படியிலேயே கையுறை எழுந்துவிடும். அடுத்த முறை பஞ்சை வெளிக்குழாயிலேயே அடைத்து, கடைசிப் படிவரை போக வையுங்கள். புதியவர்களின் கை தயங்குவது அங்கேதான். குரல்வளை முழுவதும் நீக்கப்பட்டவருக்கு மட்டும் கடைசிப் படி பொருந்தாது. அவருக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இல்லை. கழுத்து ஓட்டை வழியாகத்தான் ஆம்பு கொடுக்க வேண்டும். படுக்கைத் தலைமாட்டில் அதை எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

ஒத்திகையில் ஒருவர் நோயாளியாகப் படுத்து, பேசாமல் சைகை மட்டும் காட்டட்டும். கஃப் ஊதிய குழாயோடு இருப்பவருக்குக் குரல் வராது. "அண்ணா, இருமல் வரும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கேதீட்டரை எடுக்க வேண்டும். இங்கே அதைக் கன்னடத்திலும் இந்தியிலும் சொல்லப் பழகுங்கள்.

முடிந்ததும், செய்தவரையே முதலில் பேச விடுங்கள்: எந்த இடத்தில் கை நின்றது? அந்தப் படியை மட்டும் உடனே இன்னொரு முறை செய்ய வையுங்கள். அப்புறம் கஞ்சி பட்ட குழாய், கேதீட்டர் எல்லாவற்றிலும் "பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதித் தனி டப்பாவில் பூட்டுங்கள். வார்டு டிராலியில் கலந்துவிடக் கூடாது.